பழைய இந்திப் படமோ பாட்டோ மறுபடி வந்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

செம்பூர்வாசி:

இந்தி ரீமேக் என்று பேச்செடுத்தாலே 'கெடுத்துட்டாங்க' என்ற ஒரே தீர்ப்புதான் வருகிறது. எனக்கு நடந்தது வேறு. எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

பிறந்து வளர்ந்தது மும்பை செம்பூர். 1990-ல் 'அக்னிபத்' வந்தபோது பள்ளி மாணவன். அமிதாப் நடித்த விஜய் தீனாநாத் சவுஹானை எல்லோருக்கும் தெரியும். எங்களைப் போன்ற மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவரைவிட அழுத்தமாக மனதில் நிற்பது மிதுன் சக்ரவர்த்தி செய்த கிருஷ்ணன் ஐயர் எம்.ஏ. லுங்கி கட்டி இளநீர் விற்கும் 'மதராஸி'. பேசுகிற இந்தி முழுக்க இழுவை. நல்லவன்தான், நண்பனுக்காக எதையும் செய்பவன்தான். மிதுனுக்கு அந்த வேடம் பிலிம்பேர் விருதும் வாங்கித் தந்தது. ஆனால் வகுப்பில் நான் வாயைத் திறந்தாலே பின்பெஞ்சிலிருந்து அதே இழுவையில் 'நாரியல் பானி' என்று குரல் வரும். என் இந்தி அவர்கள் இந்தியைவிடச் சுத்தமாக இருந்த காலத்திலும் வந்தது.

என்னைவிட அப்பாவுக்குத்தான் அதிகம் வலித்தது. அவர் நிஜமாகவே எம்.ஏ. படித்தவர். கஷ்டப்பட்டுத் தபால் வழியில் படித்த படிப்பு. லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர் "க்யா ஐயர் எம்.ஏ." என்று தோளில் தட்டினால் சிரித்துவைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

2012-ல் ரீமேக் வந்தது. இயக்கம் கரண் மல்ஹோத்ரா. தயாரிப்பு கரண் ஜோஹர். மூலப்படத்தைத் தயாரித்தவர் அவருடைய அப்பா யஷ் ஜோஹர். அமிதாப்புக்குத் தேசிய விருது கிடைத்தும் மூலப்படம் வசூலில் விழுந்த படம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இளநீர்க்காரன் எப்போது வருவான் என்று இருவருமே காத்திருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இடைவேளை வரை வரவில்லை. ரிஷி கபூர் ரவூஃப் லாலா என்ற புது வில்லனாக வந்து மிரட்டிக்கொண்டிருந்தார். பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது அப்பா, "அவனைத் தூக்கிட்டாங்கடா" என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி.

படம் முடியும்வரை அந்தப் பாத்திரம் வரவே இல்லை. எந்த நோக்கத்தில் நீக்கினார்களோ, கதைக்குத் தேவைப்படாமல்கூடப் போயிருக்கலாம். எங்கள் வீட்டுக்கு அது பெரிய விஷயம். பழைய படத்தை மறுபடி எடுப்பவருக்கு எதை விடலாம் என்று தீர்மானிக்கிற வாய்ப்பும் கிடைக்கிறது. அதற்காகவே ரீமேக்கை ஒட்டுமொத்தமாக வெறுக்க என்னால் முடியாது.

இன்னொன்று. அதே படத்தில் 'சிக்னி சமேலி' பாட்டு வந்ததும் சுற்றியிருந்த மராத்திப் பையன்கள் விசில் கிழித்தார்கள். இசையமைப்பாளர்கள் அஜய்-அதுல் மராத்தியில் தாங்களே போட்டிருந்த 'கோம்ப்டி பளாலி' பாட்டின் இந்தி வடிவம் அது. மெட்டுப் போட்டவரே மறுபடி போட்டால் அதில் யாருக்கு என்ன குறை?

---

உருது மாணவி:

அண்ணா, உங்கள் அப்பா வரிசையில் நின்று சொன்னதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

என் அனுபவம் 'உம்ராவ் ஜான்'. கல்லூரியில் படிக்கும்போது 2006-ல் வந்த ஜே.பி. தத்தா படத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஐஸ்வர்யா ராய் கண்ணுக்கு அவ்வளவு அழகு, அரங்கமும் ஆடையும் அப்படி. மிர்ஸா ஹாதி ருஸ்வா 1899-ல் எழுதிய நாவலை உருது கற்றுக்கொண்ட பிறகு தட்டுத்தடுமாறிப் படித்தேன். அப்போதுதான் ஏதோ இடிக்க ஆரம்பித்தது. நாவலில் தன் கதையைச் சொல்கிற உம்ராவ் ஜான், ஆடிப் பாடிப் பிழைக்கும் பெண், ஒரு கவி. தன் வாழ்க்கையை அழுது சொல்வதில்லை, சொல்லிச் சொல்லி எடைபோடுகிறாள்.

முசாஃபர் அலியின் 1981 படத்தைப் புதுப்பித்து 2025 ஜூனில் திரையரங்குகளில் வெளியிட்டார்களே, அப்போதுதான் அதைப் பெரிய திரையில் பார்த்தேன். ரேகா பேசாத இடங்களில்கூட அந்தக் கவி இருந்தாள். ஆஷா போஸ்லேயை வழக்கமான சுருதியிலிருந்து தாழ்த்திப் பாட வைத்தார் இசையமைப்பாளர் கய்யாம் என்று படித்திருந்தேன். அரங்கில் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. குரல் கீழே இறங்கியதும் பாடுகிறவளின் வயது, களைப்பு, தன்மானம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. கவிஞர் ஷஹ்ரியாரின் கஜலும் தனியாக நிற்காமல் அவளே அப்போது யோசித்துச் சொன்னதுபோல இருக்கிறது. ரேகா, ஆஷா, கய்யாம் மூவருக்கும் தேசிய விருது கிடைத்த படம் அது.

2006 படத்தில் என் மனதைத் தொட்டது ஒன்றுதான். ஆடல்பாடல் பெண்களின் விடுதியான கோட்டாவை நடத்தும் கானும் ஜானாக 1981-ல் நடித்தவர் ஷௌகத் கைஃபி. 2006-ல் அதே வேடம் அவருடைய மகள் ஷபானா ஆஸ்மிக்கு. அம்மா உட்கார்ந்த இடத்தில் மகள் உட்காருகிறாள். அந்தக் காட்சிகளை மட்டும் இன்றும் திரும்பப் பார்ப்பேன்.

---

மாயவரம் எக்ஸ்பிரஸ்:

நான் 'டான்' கட்சி. சின்ன வயசுல 'பில்லா' ரஜினிய டிவியில பாத்து வளர்ந்தவன். அதுக்கு மூலம் 1978 அமிதாப் படம்னு பிறகுதான் தெரியும். 2006-ல ஃபர்ஹான் அக்தர் ஷாருக்க வெச்சு எடுத்தப்போ நண்பர்களோட போனேன். கதை மனப்பாடம், என்னத்தப் புதுசா காட்டப்போறாங்கன்னு சாய்ஞ்சு உக்காந்திருந்தோம். கடைசியில உயிரோட இருக்கிறது விஜய் இல்ல, டானேதான்னு தெரிஞ்சதும் மொத்த வரிசையும் நிமிர்ந்துச்சு! நமக்குக் கதை தெரியும்ங்கிறதையே நம்ம மேல திருப்பிப் போட்டாரு பாருங்க, அதுதான் ரீமேக். அடுத்த வருஷம் அஜித் 'பில்லா' வந்துச்சு, யுவன் பழைய பில்லா பாட்டையே புதுசா போட்டாரு. அந்த நேரத்துல எங்க ஊர்ல அந்த ரெண்டு படத்தப் பத்தித்தான் பேச்சு.

'ராம் கோபால் வர்மா கி ஆக்' பாத்த அனுபவம் இருக்குறவங்க எழுதுங்க. 'ஷோலே'ய ஏன் அப்படி எடுத்தாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

---

தானே கீபோர்டு:

படத்தை விடுங்க சார், பாட்டுக்கு வாங்க. நான் மும்பை, தானே பக்கம் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவன். கணபதி, நவராத்திரி, கல்யாணம், சொசைட்டி விழா எல்லாம் போவோம்.

இப்போ வர்ற ரீமிக்ஸில் என்ன நடக்குதுன்னா, பழைய பாட்டிலிருந்து முக்டாவை, அதாவது பல்லவியை, அதிலும் மனசில் சட்டுனு ஒட்டுற ஒரு ஹூக் லைனை மட்டும் எடுக்குறாங்க. அந்தரா, அதாவது சரணம், போயிடுது. இடையில் வர்ற வாத்திய இசை, அந்த இன்டர்லூட், போயிடுது. அந்த இடத்தில் புது வரியோ ராப்போ வரும். 'சிர்ஃப் தும்' படத்தில் 1999-ல் நதீம்-ஷ்ரவண் போட்ட 'தில்பர்' பாட்டையும் 2018-ல் வந்த 'தில்பர்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. அந்த ஒரு சொல்லும் மெட்டும் பொது. மீதி வேற பாட்டு.

போன வருஷங்களில் ஒரு கணபதி விழா. காலேஜ் பசங்க 'லைலா' வேணும்னு கேட்டாங்க. அவங்க மனசில் இருந்தது 2017 'ரயீஸ்' பாட்டு. எங்க மாஸ்டர் 1980 'குர்பானி'க்கு கல்யாண்ஜி-ஆனந்த்ஜி போட்ட மாதிரியே, இன்டர்லூட் ஒண்ணு விடாமல் எடுக்கச் சொன்னார். முதலில் பசங்க ஆடவே இல்லை, முழிச்சாங்க. சரணத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி பல்லவிக்கு இறங்குறப்போ ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, ட்ரம்மர் என்னைத் திரும்பிப் பார்த்தான். மேல ஏறிட்டுத் திரும்பி வந்தால்தானே அந்த ஹூக்குக்கு ருசி. தொடக்கத்திலிருந்தே ஹூக்கையே போட்டு அடிச்சுக்கிட்டிருந்தா காது எதுக்குக் காத்திருக்கும்?

எண்பதுகளில் டி-சீரிஸ் மலிவு விலையில் கவர் வெர்ஷன் கேசட்டாப் போட்டு வளர்ந்த காலம் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போ எத்தனையோ திட்டு விழுந்துச்சு. ஆனா குரல்தான் வேற, அதில் முழுப் பாட்டும் இருந்துச்சு. சோனு நிகமை ரஃபி பாட்டு வழியாத்தான் நாங்க முதலில் கேட்டோம்.

2020-ல் 'மசக்கலி 2.0' வந்த அன்னிக்கு ரஹ்மான் சார் வெளியிட்ட குறிப்பை எங்க குரூப்பில் எல்லாரும் பகிர்ந்தாங்க. 'டெல்லி-6' படத்து மூல 'மசக்கலி' பாட்டுக்குப் பின்னால 200-க்கு மேல இசைக்கலைஞர்கள், 365 நாள் யோசனை, குறுக்குவழியே இல்லைன்னு எழுதியிருந்தார். மூலத்தைக் கேளுங்கன்னு முடிச்சிருந்தார். வாசிக்கிறவனுக்கு அந்த எண்கள் எவ்வளவு கனம்னு தெரியும்.

---

உருது மாணவி:

கீபோர்டு அண்ணா, மெட்டுப் போட்டவர் சம்மதிக்காவிட்டாலும் இப்படிச் செய்ய முடிகிறதே, எப்படி?

---

காப்புரிமை மேசை:

நான் இந்தத் துறையில் வேலை பார்க்கிறேன், சொல்கிறேன் மேடம். 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தில் 31சி என்றொரு பிரிவு. ஒரு பாட்டின் முதல் ஒலிப்பதிவு வந்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் வெளியார் கவர் வெர்ஷன் செய்யலாம். 50,000 பிரதிகளுக்காவது ராயல்டி கட்ட வேண்டும், உரிமையாளர் சம்மதம் இல்லாமல் பாட்டை மாற்றக் கூடாது. இதில் உரிமையாளர் யார் என்பதுதான் விஷயம். பெரும்பாலான பழைய பாட்டுகளில் அது இசை நிறுவனம். தன் கையிலுள்ள பாட்டைத் தானே ரீமிக்ஸ் செய்ய யார் சம்மதமும் கேட்க வேண்டியதில்லை. 'மைனே பாயல் ஹை சன்காயி' 2022-ல் மறுபடி வந்தபோது, வழக்குப் போட ஆசைதான், ஆனால் உரிமை என்னிடம் இல்லை என்று மூலத்தைப் பாடிய ஃபால்குனி பாதக் சொன்னது இதனால்தான்.

படைப்பாளிக்கென்று பிரிவு 57 இருக்கிறது. படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் வந்தால் உரிமையை விற்ற பிறகும் கேட்கலாம். ஆனால் களங்கம் வந்தது என்று நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும், அது சுலபமில்லை.

---

தானே கீபோர்டு:

நன்றி சார். வழக்கெல்லாம் பெரியவங்க பாடு. எங்களுக்கு ஒண்ணு போதும். ரீமிக்ஸ் போடுற ஒவ்வொரு ஆப்பிலும் மூலப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர், எழுதினவர், பாடினவர் பெயர் முதல் வரியில் இருக்கணும், தட்டினால் அந்தப் பழைய பாட்டு திறக்கணும். வர்ற கணபதிக்கு எங்க மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் படம், வருஷம், இசையமைப்பாளர் பெயரைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறதுன்னு மாஸ்டர் முடிவு பண்ணியிருக்கார். தானே பக்கம் இருக்கிறவங்க வாங்க.