நான்-கம்பீட்: ‘போட்டிவிலக்கு’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

அனைவருக்கும் வணக்கம். பணியில் இருக்கும்போதோ பணி முடிந்தபின்னோ நிறுவனத்துக்குப் போட்டியான தொழிலில் இறங்கக் கூடாது என்று ஊழியரைக் கட்டுப்படுத்துவதை ஆங்கிலத்தில் ‘நான்-கம்பீட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டதால் தேவையான வரிகளை மட்டும் எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

> மதுவிலக்கு இருக்கிறதே, அதுபோலப் ‘போட்டிவிலக்கு’ என்று வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கும்.

சுருக்கம்தான். ஆனால் நாளிதழ் படிப்பவர் ‘விலக்கு’ என்பதை இன்று எங்கே பார்க்கிறார்? வரி விலக்கு, சுங்கக் கட்டண விலக்கு, நீட் விலக்கு. எல்லாமே ஒரு தொல்லையிலிருந்து விடுபடுவது. போட்டிவிலக்கு என்றால், தேர்வு எழுதாமலே வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று மகிழ்ந்துபோவார். மதுவிலக்கு பழைய சொல், பழக்கத்தால் நிற்கிறது. அதை நம்பிப் புதுச்சொல் கட்ட முடியாது.

> ‘போட்டியிடா ஒப்பந்தம்’ நேராக இருக்கிறதே?

போட்டியிடுவது என்றாலே நம் பேச்சில் தேர்தல். இரண்டு கட்சிகள் தொகுதிப் பங்கீடு செய்துகொண்டது போல ஒலிக்கிறது. அதைவிட ‘ஒப்பந்தம்’ என்பதில்தான் எனக்குச் சிக்கல். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் உடன்பாட்டையும் ஒப்பந்தத்தையும் பிரித்தே பேசுகிறது. சட்டப்படி நிறைவேற்றத் தக்க உடன்பாடுதான் ஒப்பந்தம். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் எந்த உடன்பாடும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வணிகத்தை நற்பெயரோடு சேர்த்து விற்பவருக்கு மட்டும் விதிவிலக்கு. ஆக, செல்லாது என்று சட்டம் சொல்லும் ஒன்றின் தலையில் ஒப்பந்தம் என்று எழுதி ஒட்டுவானேன்? நடைமுறையிலும் அது பெரும்பாலும் தனிப் பத்திரமாக வருவதில்லை. நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு நிபந்தனையாக ஒளிந்திருக்கும். ‘நிபந்தனை’ என்றே சொல்வோம்.

மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்த ஒரு தனிப்பயிற்சி மையத்தின் தாளில் இப்படி இருந்தது: ‘பணியை விட்டு விலகிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஊதியம் பெற்றோ பெறாமலோ, கற்பித்தலில் ஈடுபடமாட்டேன்.’ அந்த ஆசிரியை மாலையில் தன் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாலும் மீறல்தான்! மிரட்டுவதற்காகவே எழுதப்படும் வாசகங்கள் இவை. கையெழுத்துப் போடுபவருக்கு 27ஆம் பிரிவு தெரியாது என்ற துணிச்சலில் எழுதுகிறார்கள்.

இங்கே ‘விலகிய’ என்ற வினையைக் கவனியுங்கள். 1980இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி எதிர் கிருஷன் முர்காய் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நிறுவனத்தை விட்டுச் சென்றபின் இரண்டு ஆண்டுகள், கடைசியாகப் பணியாற்றிய ஊரில் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் முர்காயை நிறுவனமே நீக்கியிருந்தது. ‘விட்டுச் செல்வது’ என்றால் தானாகச் செல்வதுதான், வெளியேற்றப்படுவது அதில் அடங்காது என்று மூன்று நீதிபதிகளும் முடிவு செய்தார்கள். 27ஆம் பிரிவுப்படியே அந்த நிபந்தனை செல்லாது என்று நீதிபதி ஏ.பி. சென் கூடுதலாக எழுதினார். ஆங்கிலத்தில் வாதாடித் தீர்க்க வேண்டியிருந்த வேறுபாட்டைத் தமிழ் ‘விலகினார், விலக்கப்பட்டார்’ என்று வினையிலேயே காட்டிவிடும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் எதையும் பொதுவாக ‘விலகல்’ என்று எழுதி மழுப்பக் கூடாது. இரண்டையும் குறிக்க வேண்டுமானால் ‘பணி முடிந்தபின்’ என்று எழுதலாம்.

அடுத்தது காலம். எனக்கு இதுதான் முதன்மையான கேள்வி. ஆங்கிலச் சொல் பணியில் இருக்கும்போது உள்ள கட்டுப்பாட்டையும் பணி முடிந்தபின் வருவதையும் ஒரே பையில் போடுகிறது. நம் நீதிமன்றங்கள் அப்படிச் செய்வதில்லை. 1967இல் கோலிகாரி வழக்கில், ஐந்து ஆண்டுப் பணிக்கு ஒப்புக்கொண்டு நடுவிலேயே போட்டி ஆலைக்குப் போனவரை, அந்த ஐந்து ஆண்டு முடியும்வரை தடுத்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் அவரைப் பிடித்துவைக்க முயன்ற விளம்பர மேலாண்மை நிறுவனத்துக்குத் தடையாணை கிடைக்கவில்லை. ஒன்று செல்லும், மற்றது செல்லாது. இந்தக் கோட்டைக் காட்டாத சொல் நமக்கு எதற்கு?

> இது அமெரிக்க நிறுவனங்கள் கொண்டுவந்த சரக்கு. ஒலிபெயர்த்தாலே போதும்.

அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் 1872 முதலே இது செல்லாது. அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்ட் நியூயார்க்குக்காக எழுதிய சட்டத்தொகுப்பு வரைவுதான் கலிபோர்னியாவின் சட்டப்பிரிவுக்கும் நம் 27ஆம் பிரிவுக்கும் மூலம். ஒலிபெயர்ப்பு வழக்கறிஞருக்குப் போதும். அந்த ஆசிரியைக்குப் போதாது.

என் முன்மொழிவு ‘போட்டித்தொழில் தவிர்ப்பு நிபந்தனை’. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பணிக்காலத் தவிர்ப்பு’, ‘பணிக்குப்பின் தவிர்ப்பு’. ‘தடை’ என்பதை நான் எடுக்கவில்லை, அது அரசு போடுவது போலத் தொனிக்கிறது. ‘தவிர்ப்பு’ ஊழியர் மனமுவந்து செய்வது போல இருக்கிறது, முதலாளிக்குச் சாதகம் என்று கோவை நண்பர் தனிமடலில் கடிந்துகொண்டார். தாளில் இருப்பது ‘செய்யமாட்டேன்’ என்று ஊழியர் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதிதான். அதன் பெயர் அதைச் சொன்னால் போதும், நியாயம் பார்க்க 27ஆம் பிரிவு இருக்கிறது.

வாடிக்கையாளரை இழுத்துச் செல்லாதிருத்தல், இரகசியம் காத்தல் ஆகிய இரண்டும் வேறு நிபந்தனைகள். அவற்றை இதோடு சேர்க்க வேண்டாம், தனி இழை தொடங்குங்கள். ஆங்கிலத்தில் ‘கிளாஸ்’ (clause) என்பதற்கு ‘நிபந்தனையா, கூறா’ என்பதில் மட்டும் சட்டம் பயின்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.