இலங்கையில் 6 நாள்: முழங்கால் வலியுள்ள அம்மா, பறவை பார்க்கத் துடிக்கும் மகள். எந்த விகாரைக்குப் போகலாம், எந்தக் காட்டுக்குப் போகலாம்?

மதுரைச்செல்வி கேட்டது:

வணக்கம். செப்டம்பர் கடைசியில் மகளுக்குக் காலாண்டு விடுமுறை. நான், கணவர், 11 வயது மகள், 67 வயது அம்மா என்று நால்வரும் இலங்கை போகிறோம். கட்டுநாயக்காவில் காலையில் இறங்கி, ஆறாம் நாள் இரவு திரும்புகிறோம்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பழநியில் விஞ்சில்தான் ஏறுவார். சமதரையில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி என்றால் நாற்பது ஐம்பதுக்கு மேல் முடியாது. ஆனாலும் புத்தர் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டதே அவர்தான். மகளுக்குப் பறவைகள் போதும், கழுத்தில் எப்போதும் ஒரு பைனாகுலர் தொங்கும்.

பயண முகவர் ஒருவர் அனுப்பிய திட்டத்தில் அனுராதபுரம், மிகிந்தலை, சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி எல்லாம் இருக்கின்றன. படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை சைக்கிள்காரர்:

போன வருடம் நாங்கள் இதே மாதிரி எல்லாவற்றையும் சுற்றினோம். வேனுக்குள் உட்கார்ந்திருந்ததுதான் நினைவில் நிற்கிறது. கடற்கரைப் பக்கத்தை முழுதாக விட்டுவிடுங்கள்.

இரண்டு விஷயம் மட்டும். விகாரைகளில் செருப்பைக் கழற்ற வேண்டும், மதியம் பாறை சட்டிபோல் கொதிக்கும். காலுறை போட்டுக்கொண்டு நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தடிமனான பருத்திக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நுழைவுச் சீட்டு வாங்கும் இடங்களில் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சிகிரியா, பொலன்னறுவை போன்ற இடங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. நாங்கள் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போய் முழுத் தொகையும் கட்டினோம்.

மாத்தளை வண்டிக்காரன்:

வணக்கம் தங்கச்சி. நான் மாத்தளைக்காரன். 22 வருடம் சுற்றுலா வான் ஓட்டினேன், இப்போது ஓட்டுவதில்லை. ஆள் பிடிக்க எழுதவில்லை, அம்மாவின் முழங்காலைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. முழங்கால் வலியோடு வந்த எத்தனையோ அம்மாமாரைச் சிகிரியா அடிவாரத்தில் வெயிலில் உட்கார வைத்துவிட்டுக் குடும்பம் மேலே போனதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று மணி நேரம் அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது நான்தான்.

முதலில் விட வேண்டியதைச் சொல்கிறேன். மிகிந்தலை 1,840 படி. பாதித் தூரம் வாகனப் பாதை உண்டென்றாலும் மீதியை அம்மாவால் ஏற முடியாது. அனுராதபுரம் ஒரு முழு நாள் கேட்கும் இடம், அவசரமாகப் பார்த்தால் ருவன்வெலிசாய தூபியும் ஸ்ரீமகா போதி மரமும் வெறும் பெயராகத்தான் மனதில் நிற்கும். நுவரெலியா, எல்ல, காலி மூன்றும் இன்னொரு பயணத்துக்கு. தம்புள்ளைப் பக்கம் மூன்று இரவு, கண்டியில் இரண்டு இரவு. அவ்வளவுதான்.

தம்புள்ளைக் குகை விகாரை சுற்றியுள்ள தரையிலிருந்து 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அம்மா ஏற வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். நீங்களும் மகளும் காலையில் போய் வாருங்கள். சீட்டைக் கீழேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள், மேலே போய் இல்லை என்று திரும்பியவர்கள் நிறைய. குரங்குகள் பையைப் பிடுங்கும், உணவுப் பொட்டலம் வெளியே தெரியக் கூடாது. ஐந்து குகைகளில் இரண்டாவதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கூரைப் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு பாத்திரத்தில் விழுந்துகொண்டே இருக்கும், நான் போன எந்தக் கோடையிலும் அது நின்றதில்லை. அதே குகையில் மகாவிஷ்ணு சிலையும் உண்டு.

சிகிரியா ஏறத்தாழ 1,200 படி. மகளுக்கு ஆசை என்றால் திறக்கும் நேரத்துக்கே அப்பாவும் மகளும் போகட்டும். நீங்கள் அம்மாவோடு கீழே உள்ள நீர்த் தோட்டத்தில் நடக்கலாம். 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட காசியப்ப மன்னன் காலத்துக் குளங்களும் நீர்க்கால்களும் சமதரையில்தான் இருக்கின்றன. பறவைக்கும் அதுதான் நேரம். இலங்கைக் காட்டுக்கோழி அந்த மரங்களுக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். சேவலின் கொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்: சிவப்புக்கு நடுவே மஞ்சள் தடவியது போல இருக்கும். உங்கள் ஊர்க் காட்டுக்கோழிக்கு அது கிடையாது. இந்தத் தீவைத் தவிர வேறு எங்கும் அந்தப் பறவை இல்லை.

இனி அம்மாவின் இடங்கள். படி ஏறாமல் பார்க்கக்கூடியவைதான் என் கணக்கில் மிக நல்லவை.

பொலன்னறுவையில் கல் விகாரைக்கு மாலை நான்கு மணிக்குப் போங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடைபாதை. 12ஆம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் பராக்கிரமபாகு ஒரே பாறையில் செதுக்கச் செய்தவை. கிடக்கும் புத்தரின் நீளம் 14 மீட்டர். எல்லோரும் அந்த நீளத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அம்மாவைத் தலைப்பக்கம் கூட்டிப்போங்கள். தலைக்குக் கீழே உள்ள தலையணை பாரத்தில் சற்று அமுங்கியிருக்கும். கருங்கல் அது, தங்கச்சி. பிறகு பாதத்துக்கு வாருங்கள். மேல் பாதத்தின் விரல்கள் கீழ்ப் பாதத்தின் விரல்களோடு சேராமல் கொஞ்சம் பின்வாங்கி இருக்கும். தூக்கம் இல்லை, பரிநிர்வாணம் (புத்தரின் இறுதி மறைவு) என்று சிற்பி அதில் சொல்லியிருக்கிறான் என்பார்கள். எத்தனை முறை போனாலும் அந்த விரல்களிடம்தான் நான் போய் நிற்பேன்.

அங்கேயே தலதா மளுவ என்ற கோயில் முற்றத்தில், அட்டதாகே என்ற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு நிற்கிறது. தமிழ்க் கல்வெட்டு. புத்தரின் பல்லை வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினர் ஏற்றதைச் சொல்வது. சோழர் கட்டிய சிவன் கோயில் ஒன்றும் உண்டு, வானவன் மாதேவி ஈச்சரம். அம்மா அங்கே கொஞ்ச நேரம் உட்காரட்டும்.

ஒரு பிற்பகல் மின்னேரியா தேசியப் பூங்காவுக்கு ஜீப். ஜூலை முதல் செப்டம்பர் வரை குளம் வற்றி, விளிம்பில் புது புல் முளைக்கும். அதற்காக யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். உங்கள் தேதி அதற்குள் வருகிறது. ஜீப்பில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: குட்டியோடு இருக்கும் யானையை நெருங்க வேண்டாம், தள்ளி நிறுத்தினால் போதும் என்று. கேட்கிறவர்கள் இருந்தால்தான் ஓட்டுநர்களும் கேட்பார்கள். ஜீப் குலுக்கும், அம்மாவுக்கு இடுப்புக்குத் தலையணை வையுங்கள்.

நான்காம் நாள் கண்டிக்கு வரும்போது வழியில் நாலந்த கெடிகே. பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் போகின்ற இடம், நான் நிறுத்தாமல் போனதில்லை. பல்லவர் பாணியில் கட்டிய கற்கோயில், ஆனால் பௌத்தருடையது. மாமல்லபுரம் பார்த்தவர்களுக்குக் கூரையில் உள்ள கூடுகளை, அதாவது சிறு வளைவு மாடங்களைக் கண்டதும் நம் வீட்டுச் சாயல் தெரியும். தென்பக்கக் கூட்டில் குபேரன் உட்கார்ந்திருக்கிறான். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது முழுகிவிடும் என்று கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். சுற்றி மூன்று பக்கமும் தண்ணீர். மகளை நீர்க்கரையில் விட்டுவிடுங்கள், அவளே திரும்பி வர மாட்டாள்.

அடுத்து எங்கள் ஊருக்குச் சற்று முன்னால் அலுவிகாரை. வாய்மொழியாகவே இருந்த பௌத்தரின் மறைநூலான திரிபிடகத்தை கி.மு. 1ஆம் நூற்றாண்டில் முதன்முதலாக ஓலையில் எழுதிய இடம். படிகள் உண்டு, தம்புள்ளை அளவுக்கு இல்லை. ஏட்டில் எழுதிக் காட்டுவார்கள். தாளிப்பனை ஓலை, அதில் எழுத்தாணியால் கீறும்போது ஒன்றும் தெரியாது. கரியும் எண்ணெயும் குழைத்த மையைத் தடவித் துடைத்ததும் கீறலில் மட்டும் கறுப்பு நின்று எழுத்து எழும்பி வரும். மகளின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாத்தளைச் சாலையில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஏலக்காயைச் செடியிலும் மிளகைக் கொடியிலும் காட்டுவார்கள். சுற்றிப் பார்த்தபின் எண்ணெய், தைலம் என்று மேசையில் அடுக்குவார்கள். பலவற்றில் வண்டி ஓட்டுபவருக்குப் பங்கு உண்டு. வாங்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மதுரைச்செல்வி:

அண்ணா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையணை அமுங்கியிருக்கும் இடம் வந்ததும் இன்னொரு முறை படி என்றார். முகவரிடம் பழைய திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். நெற்றியில் விபூதியோடு விகாரைக்குள் போகலாமா, அங்கே எப்படிக் கும்பிட வேண்டும்? அடுத்தது, அவர் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மாத்தளை வண்டிக்காரன்:

தாராளமாக விபூதியோடு போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, முடிந்தால் வெள்ளை. தொப்பி கழற்ற வேண்டும். புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, இதை மட்டும் மகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். வாசலில் தாமரையும் நீலோற்பலமும் விற்பார்கள். இதழ்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மடித்து விரித்துத்தான் பூத்தட்டில் வைப்பார்கள், பூக்காரம்மாவே செய்து காட்டுவார். முகர்ந்து பார்க்காமல் வைக்க வேண்டும், நம் கோயில் வழக்கம்தான்.

புத்தரின் பல்லை வைத்திருக்கும் கண்டி தலதா மாளிகையில் பூசை நேரம் காலை 5.30, 9.30, மாலை 6.30. மாலைப் பூசைக்குப் போங்கள். மேல்மாடியில் பேழை அறை திறப்பதைப் பார்க்கப் படியும் நெரிசலும் உண்டு. அம்மாவால் முடியாவிட்டால் கீழே மேளம் அடிக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தம்மட்டமும் ஹொரணையும் முழங்கும்போது, ஹொரணைச் சத்தத்தில் நம் நாதஸ்வரத்தின் தம்பி பேசுவது போல இருக்கும்.

அம்மா மதுரைக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். மாளிகைக்கு எதிரிலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி தெய்யோ என்று சிங்களவர் கும்பிடுவது கண்ணகியைத்தான். அம்மை போன்ற நோய்க்கும் பிள்ளை வரத்துக்கும் அவளிடம் நேர்ந்துகொள்வார்கள். விஷ்ணுவுக்கும் கதிர்காமக் கந்தனுக்கும் கண்டியில் தனித்தனி தேவாலயங்கள் உண்டு. முருகன் பக்தைக்கு அங்கே யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள் காலை மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே காட்டுக்கு மகளையும் அப்பாவையும் அனுப்புங்கள். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குப் பேராதனைப் பூங்கா, பாதை நல்ல பாதை, உட்கார இருக்கைகளும் உண்டு. மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை மகளும் பார்க்கட்டும்.

சாப்பாடு: சோறு, பருப்பு, பலாக்காய், கீரைச் சுண்டல் எங்கும் கிடைக்கும். ஆனால் கவனம், தேங்காய்ச் சம்பலிலும் சில கடைகளில் காய்கறியிலும் மாசிக்கருவாடு இடித்துப் போடுவார்கள். அவர்களுக்கு அது மசாலாச் சாமான் மாதிரி, 'மீன் இல்லை' என்றே சொல்வார்கள். அதனால் சைவம் என்று சொன்னால் போதாது. 'உம்பலகட எப்பா' என்று சொல்லுங்கள், மாசி வேண்டாம் என்று பொருள். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் சைவக் கடைகள் இருக்கின்றன. நான்காம் நாள் மதியத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், கோயிலையும் பார்த்த மாதிரி ஆகும்.

கோவை சைக்கிள்காரர்:

அந்த 'உம்பலகட எப்பா' எனக்குப் போன வருடமே தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி மூன்று நாள் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினாள். நாலந்தவைக் கடந்துதான் நாங்களும் கண்டிக்குப் போனோம், பலகையைக்கூடப் பார்க்கவில்லை. செல்வி, திரும்பி வந்ததும் அந்தக் குபேரனின் படத்தை இங்கே போடுங்கள்.