ஆர்எக்ஸ் 100 வெண்புகை: ஆயில் சீலா, வேறு ஏதாவதா?

நண்பர்களுக்கு வணக்கம். மாமா ஓட்டிய 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இப்போது என்னிடம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுற்றும் ஒவ்வொரு முறையும் எரிப்பு நடப்பதால், 98 சிசி வண்டியா இது என்று தோன்றும். அண்ணா மேம்பாலம் ஏறும்போது அந்தத் துள்ளல் அலாதி! எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். போகட்டும், அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன்.

கவலை புகையைப் பற்றித்தான். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை வருகிறது, கியர் ஆயிலும் குறைகிறது. வயதான வண்டி, கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் (கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இறுகிப்போய்க் கசிகிறதோ? இன்ஜினைப் பிரிக்காமல் உறுதிசெய்ய வழி உண்டா? புதுப்பேட்டையில் சீல் வாங்கினால் தரத்தை எப்படிப் பார்ப்பது? பெரம்பூர் பக்கம் டூ ஸ்ட்ரோக் தெரிந்த மெக்கானிக் இருந்தாலும் சொல்லுங்கள். 'விற்றுவிடு' என்ற யோசனை மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.