தாத்தா பெட்டியில் இருந்த பேயனெட்: எந்தக் காலத்தது? அவசரம்

குடியாத்தம்வாசி:
பழைய வீட்டை இடிக்கிறோம். பரண்மேல் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பேயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) உறையோடு கிடைத்தது. 1806 வேலூர்ப் புரட்சிக் காலத்தது என்கிறார் மாமா. கத்தியில் 1907 என்று இருக்கிறது. ஒரு அடி இருக்கும். பழைய இரும்பு வாங்குபவர் நாளைக் காலை வருகிறார், அவரிடமே போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். துருவை எப்படி எடுப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

காட்பாடி முருகு:
படம் எங்கே? ஒரு அடி என்பது அலகு மட்டுமா, பிடியோடு சேர்த்தா? கூர் ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? 1907ஐச் சுற்றி வேறு என்ன எழுத்து? இரும்புக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கோட்டைப் பிரியன்:
மாமா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். கத்தி பழையதாக இருந்து, 1907இல் யாராவது முத்திரை குத்தியிருக்கலாம் இல்லையா?

ஆயுத ஆர்வலன்:
இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். 1806இல் சிப்பாய்கள் வைத்திருந்தது பிரவுன் பெஸ் என்ற துப்பாக்கி. அதன் பேயனெட்டுக்குப் பிடியே கிடையாது. குழல்முனையில் மாட்டுகிற வளையம், அதிலிருந்து மூன்று பட்டை ஊசி, அவ்வளவுதான். மரப்பிடி இருந்தால் மாமாவின் கதை அங்கேயே முடிந்தது. 1907 என்பது வடிவமைப்பின் ஆண்டு. செய்த மாதமும் ஆண்டும் அதற்குக் கீழே சின்னதாக இருக்கும். லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கானது, அலகு 17 அங்குலம்.

காட்பாடி முருகு:
அவர் ஒரு அடி என்கிறாரே? என் கணிப்பு, 1888ஆம் ஆண்டு வடிவமைப்பு. அதற்குத்தான் 12 அங்குல அலகு, இரண்டு பக்கமும் கூர்.

ஆயுத ஆர்வலன்:
1888 வடிவமைப்பில் 1907 என்று எதற்கு இருக்கப் போகிறது? கேள்வியை முதலில் முழுதாகப் படியுங்கள்.

குடியாத்தம்வாசி:
மன்னிக்கவும், இடிப்பு வேலையில் இருந்தேன். அலகு மட்டும் 12 அங்குலம். கூர் ஒரு பக்கம். நடுவில் நீளப் பள்ளம், நுனிவரை ஓடுகிறது. மரப்பிடியில் இரண்டு திருகு, பிடியின் கோடியில் சின்னத் துளை. கிரீடம், ஜி.ஆர்., 1907, அதன் கீழ் 1 18, வில்கின்சன். மறுபக்கம் அம்புக்குறி, எக்ஸ். ஒன்று சொல்ல விட்டுப்போனது: உறைக்குள் போட்டால் அடியில் ஐந்து அங்குலம் காலியாக இருக்கிறது.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அது 17 அங்குலக் கத்தியை வெட்டிக் குறைத்தது. முழு அலகில் பள்ளம் நுனிக்கு முன்னாடியே நின்றுவிடும், வெட்டினால்தான் நுனிவரை வரும். 1 18 என்றால் 1918 ஜனவரி. கோடித் துளை 1916இல் சேர்த்தது, அதனால் காலம் பொருந்துகிறது. ஜி.ஆர். என்பது மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். வில்கின்சன், கத்தியைச் செய்த நிறுவனம். எக்ஸ், அலகை வளைத்துச் சோதித்த குறி. இரண்டாம் போர்க் காலத்தில் நம் படைக்கு நிறையக் கத்திகளை இப்படி 12 அங்குலமாகக் குறைத்தார்கள். தாத்தா எந்தப் படையில் இருந்தார்?

குடியாத்தம்வாசி:
மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியியல் படை. பர்மா போனதாகச் சொல்வார்கள்.

காட்பாடி முருகு:
அப்படியானால் உறை மட்டும் பழைய முழு நீளத்திலேயே நின்றுவிட்டது. வேறு கத்தியின் உறையாகக்கூட இருக்கலாம். தையலையும் இரும்பு வாயையும் படம் எடுத்துப் போடுங்கள். துருவுக்கு உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் வேண்டாம், முத்திரை அழிந்தால் போயிற்று. தையல் மெஷின் எண்ணெய் தடவி, மிக நைசான ஸ்டீல் வுல்லால் (இரும்பு இழைப் பஞ்சு) மெதுவாகத் தேய்த்தால் போதும்.

வாணியம்பாடி ரவி:
உறைக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள், புதுசு போல வரும்.

ஆம்பூர் தோல்காரர்:
தயவுசெய்து வேண்டாம். உறைத்தோல் விறைப்பாக இருக்கவே செய்தது. எண்ணெய் குடித்தால் தொளதொளத்துத் தையல் விடும். இது மரப்பட்டையில் பதனிட்ட தோலாகத்தான் இருக்கும். அந்தத் துவர்ப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பைத் தின்னும், கத்தியை உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் சிவப்புத் தூளாக உதிர்ந்தால் கையே வைக்காதீர்கள். எங்கள் பெரியவர்கள் ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்துத் தோலின் உழைப்பு இன்று குரோம் உப்பில் பதனிடும் தோலில் கிடையாது.

வாணியம்பாடி ரவி:
குரோமைக் குறை சொல்லாதீர்கள் அண்ணே. எங்கள் ஊருக்குச் சோறு போட்டது அதுதான்.

கோட்டைப் பிரியன்:
சோறு போட்டது சரி, தோல் ஆலைக் கழிவால் பாலாறு என்ன ஆயிற்று? 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுத வேண்டி வந்ததே!

ஆம்பூர் தோல்காரர்:
அந்த வழக்குக்குப் பிறகுதான் எத்தனையோ பேர் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் கட்டினோம். எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
பாலாற்றுக்குத் தனி இழை போடுங்கள். தம்பி, ஒன்று கவனம். ஆயுத விதிகளின் பட்டியலில் பேயனெட் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. யாருக்கும் விற்கும் முன், வைத்துக்கொள்வதானாலும், வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

குடியாத்தம்வாசி:
இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். கத்தி தனியாக, உறை தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. மாமா இன்னும் 1806 என்கிறார். எல்லோருக்கும் நன்றி.

காட்பாடி முருகு:
நுனியின் படம்? ஆலையில் வெட்டியதா, உள்ளூர்ப் பட்டறையில் வெட்டியதா என்று பார்க்க வேண்டும்.

காட்பாடி முருகு:
தம்பி, இருக்கிறீர்களா?