உதவி: லீவர் மாற்றிய பிறகு எட்டாவது கம்பி ஈ-க்குத் திரும்பவில்லை

நாஷ்வில்_புதுசு:
அவசரம். நேற்று ராத்திரி என் பெடல் ஸ்டீல் கிட்டாரில் எஃப் லீவரை, அதாவது நாலாவது, எட்டாவது கம்பிகளை ஈ-யிலிருந்து எஃப்-புக்கு ஏற்றும் முழங்கால் லீவரை, இடம் மாற்றினேன். அதிலிருந்து எட்டாவது கம்பி ஈ-யில் நிற்கவில்லை. ஒரு தடவை சரியாக இருக்கிறது, அடுத்த தடவை இல்லை. மற்ற லீவரால் இறக்கினால் டி ஷார்ப் வரை போகவும் மாட்டேன் என்கிறது. நாலாவது கம்பி பரவாயில்லை. ஞாயிறு காலை வாசிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்துக்கம்பி:
என்ன கிட்டார்? ஆல்-புல்லா (சுருதி ஏற்றவும் இறக்கவும் அடியிலுள்ள ராடு இழுக்கும்), புஷ்-புல்லா (ஏற்ற இழுக்கும், இறக்கத் தள்ளும்)? லீவரை விட்டதும் ஈ-க்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா? எங்கிருந்து எங்கே மாற்றினீர்கள்? புஷ்-புல் என்றால் சுருதி கூட்டும் முறையே வேறு. இதெல்லாம் தெரியாமல் யாராலும் உதவ முடியாது.

ஹூஸ்டன்வாசி:
கம்பியை மாற்றுங்கள். எட்டாவது சுற்றுக் கம்பி, பழசானால் இப்படித்தான் அலையும். என் கிட்டாரில் வந்த பாதிக் கோளாறு புதுக் கம்பி போட்டதும் போயிருக்கிறது. என்ன கேஜ் (தடிமன்) போட்டிருக்கிறீர்கள்?

ரோலர்பக்தன்:
கம்பி இல்லை, ரோலர் நட், தலைப்பக்கம் கம்பி உருண்டு போகும் இடம். ரோலர் இறுகியிருந்தால், சுருதியை ஏற்றிவிட்டு விடும்போது ஈ கொஞ்சம் கீழே நிற்கும், இறக்கிவிட்டு விடும்போது கொஞ்சம் மேலே நிற்கும். ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துப் பாருங்கள்.

பழையகை:
தம்பி, பெடல் ஸ்டீல் என்பது கிட்டார் மாதிரி ஒலிக்கும் ஒரு இயந்திரம். அடியில் இருக்கும் ராடு எதை இழுக்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது. நான் முதல் இரண்டு வருடம் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. இப்போது எல்லாரும் வீடியோ பார்த்துவிட்டு மறுநாளே கவிழ்த்துப் போட்டுவிடுகிறார்கள். முதலில் ஆல்-புல் சேஞ்சர் (கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் பாகம்) எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டு வாருங்கள்.

தென்றல்_டெக்சஸ்:
பழையகை ஐயா, அவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்கிறார். இரண்டு வருடம் காத்திருக்க முடியாது.

நாஷ்வில்_புதுசு:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பழைய கிட்டார், ஆல்-புல், கம்பெனிப் பெயர்ப்பட்டை உரிந்துவிட்டது. ஒற்றைக் கழுத்து, ஈ9 சுருதி அமைப்பு. கம்பி போன வாரம்தான் போட்டது, முழு செட். டே அமைப்பு (பெடல்கள் இடமிருந்து சி, பி, ஏ) என்று சொல்லி விற்றார்கள். நான் பார்க்கும் பாடங்கள் எல்லாம் எம்மன்ஸ் (ஏ, பி, சி). அதனால் இடது முழங்கால் லீவர்கள் இரண்டின் ராடுகளையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டினேன். முன்பு வலப்பக்கம் தள்ளினால் எஃப், இப்போது இடப்பக்கம். மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்றால், இரண்டும் நடக்கிறது.

பத்துக்கம்பி:
டே அமைப்பு என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பெடல்களையும் மாற்றினீர்களா, லீவர் மட்டுமா?

நாஷ்வில்_புதுசு:
லீவர் மட்டும். பெடல் இன்னும் சி, பி, ஏ வரிசைதான்.

பத்துக்கம்பி:
அப்படியானால் இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. ஏ பெடலையும் எஃப் லீவரையும் சேர்த்துப் பிடித்தால் அதே மேஜர் கார்டு மூன்று ஃப்ரெட் மேலே கிடைக்கும். திறந்த நிலையில் ஈ மேஜர், மூன்றாவது ஃப்ரெட்டில் ஏ-யும் எஃப்-பும் சேர்த்தால் மறுபடி ஈ மேஜர். ஒரு நாளைக்கு நூறு தடவை பிடிப்போம். எம்மன்ஸில் ஏ இடது ஓரம். பி-யை விட்டு ஏ-க்குப் பாதம் சாயும்போது முழங்கால் தானாக இடப்பக்கம் போகும், எஃப் லீவர் அங்கேயே இருக்கும். டேயில் ஏ வலப்பக்கம், அதனால் எஃப்-பும் வலப்பக்கம். உங்களுடையதில் இப்போது பாதம் வலப்பக்கம் போகும், முழங்கால் இடப்பக்கம் போக வேண்டும். கணுக்கால் வலிக்கும்.

ஜிம்மிரசிகன்:
இதற்குத்தான் டேயை அப்படியே விட்டிருக்க வேண்டும். ஜிம்மி டே, பட்டி எம்மன்ஸ் இரண்டு பேரும் கன்ட்ரி பாடகர் ரே பிரைஸ் குழுவில் ஸ்டீல் வாசித்தவர்கள். ஏ, பி பெடல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து, எதிரெதிர் வரிசையில் அமைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் எல்லாம் வாசிக்கலாம். பாடம் எம்மன்ஸில் இருந்தால் என்ன, பெடலின் பெயரைக் கவனித்தால் போதும்.

தென்றல்_டெக்சஸ்:
ஆரம்பத்தில் அது அவ்வளவு எளிதில்லை ஜிம்மிரசிகன். வீடியோவில் கால் இடப்பக்கம் சாய்வதைப் பார்த்தால் நம் காலும் அப்படியே சாயும். நானும் அவதிப்பட்டேன்.

கோட்டுவாத்யன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கோட்டுவாத்தியம் பழகியவன். கையில் கட்டை இருக்கிறது, எந்தச் சுருதிக்கும் சறுக்கிப் போய்விடலாம். இத்தனை பெடலும் லீவரும் எதற்கு?

தென்றல்_டெக்சஸ்:
கட்டையைச் சறுக்கினால் எல்லாக் கம்பியும் சேர்ந்துதான் நகரும். ஏ பெடலை அழுத்தினால் ஐந்தாவதும் பத்தாவதும் மட்டும் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏறும், ஈ-யும் ஜி ஷார்ப்பும் அசையாது. கார்டுக்குள் ஒரு குரல் மட்டும் நடந்துபோவது கேட்கும். 1954-இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படிக் கார்டுக்குள் பெடலால் சுருதியை நகர்த்தி வாசித்ததும் மற்ற ஸ்டீல் கலைஞர்கள் எல்லாரும் பெடல் தேடிப் போனார்கள். எனக்கு அந்த ஒரு நகர்வுதான் இந்த வாத்தியமே.

கோட்டுவாத்யன்:
புரிகிறது. ஆனால் ஒரு சுரத்துக்குள்ளே கமகம் கொடுக்க லீவர் உதவாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜிம்மிரசிகன்:
உதவும். பாதி அழுத்தி விட்டு, பாதி அழுத்தி விட்டு…

பழையகை:
இழை எங்கேயோ போகிறது. தம்பி, ஒரே ஒரு கேள்வி. மாற்றி மாட்டியபோது ராடுகளை பெல் கிராங்கில் (ஷாஃப்டில் இருந்து ராடை இழுக்கும் சின்னக் கையில்) எந்தத் துளையில் போட்டீர்கள்?

நாஷ்வில்_புதுசு:
எதில் காலி இருந்ததோ அதில். ஷாஃப்டுக்குப் பக்கத்துத் துளை. அப்புறம் எஃப் வரவில்லை, லீவர் முட்டி நின்றுவிட்டது. அதனால் எஃப் வரும்வரை ராடு நுனியில் சுருதி வைக்கும் நைலான் நட்டை இறுக்கினேன்.

பழையகை:
அதுதான். பக்கத்துத் துளையில் ராடு குறைவாகத்தான் நகரும். நாலாவது வெறும் கம்பி, கொஞ்சம் இழுத்தாலே அரை சுரம் ஏறும். எட்டாவது சுற்றுக் கம்பி, அதற்கு அதிக நகர்வு வேண்டும். ஹூஸ்டன்வாசி கம்பி என்று சொன்னதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. நீங்கள் நகர்வைக் கூட்டாமல் நட்டை இறுக்கிவிட்டீர்கள். இப்போது ராடில் தளர்வே இல்லை. லீவரைத் தொடாதபோதும் அது சேஞ்சரில் கம்பி மாட்டியிருக்கும் விரலை லேசாக இழுத்துப் பிடித்திருக்கிறது. திறந்த ஈ எங்கே நிற்கும் என்பதை சேஞ்சர் முடிவு செய்யவில்லை, லீவர் முடிவு செய்கிறது. லீவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் ஓய்ந்தால் ஈ-யும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். ஏற்றும் ராடு பிடித்திருப்பதால் டி ஷார்ப் வரை இறங்கவும் விடாது.

கவிழ்த்து வைத்து எட்டாவது ராடை விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல ராடு லேசாகக் கடகடவென்று ஆடும். உங்களுடையது வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருக்கும். எட்டாவதின் இரண்டு நைலான் நட்டுகளையும் முழுக்கத் தளர்த்துங்கள். ஏற்றும் ராடை ஷாஃப்டிலிருந்து ஒரு துளை தள்ளி மாட்டுங்கள். லீவர் கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை. நிமிர்த்தி, தலைப்பக்கச் சாவியில் ஈ, அப்புறம் எஃப், அப்புறம் டி ஷார்ப். ஒவ்வொரு தடவையும் ஈ-க்குத் திரும்பிச் சரிபாருங்கள்.

எஃப்-பை டியூனர் முள் நடுவில் நிறுத்த வேண்டாம். ஏ பெடலோடு சேர்த்துப் பிடித்து, கார்டில் அலை அடங்கும் இடத்தில் விடுங்கள். அங்கே அது கார்டின் மேஜர் மூன்றாவது சுரம், டியூனர் சொல்வதைவிட 14 சென்ட் (சென்ட் என்பது அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வரை கீழே வரலாம்.

பத்துக்கம்பி:
பழையகை சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு முடிந்ததும் பெடல் வரிசையையும் மாற்றிவிடுங்கள், அல்லது லீவரைப் பழையபடி திருப்பிவிடுங்கள். பாதியில் விடாதீர்கள்.

ரோலர்பக்தன்:
எண்ணெயும் வையுங்கள்.

நாஷ்வில்_புதுசு:
ராடு விறைப்பாகத்தான் இருந்தது, ஆடவே இல்லை. துளை மாற்றினேன். ஈ, எஃப், டி ஷார்ப் மூன்றும் நிற்கிறது. எஃப்-பிலிருந்து வரும்போது இரண்டு மூன்று சென்ட் கீழே நின்றது, ரோலரில் எண்ணெய் வைத்ததும் அதுவும் போய்விட்டது. பழையகை ஐயா, ரொம்ப நன்றி. வாசிக்கப் போகிறேன்.

ஜிம்மிரசிகன்:
பெடல் என்ன செய்யப்போகிறீர்கள்? டேயா, எம்மன்ஸா?

ஜிம்மிரசிகன்:
தம்பி?