செல்லூர் மாடி அறையில் மூன்று ப்ரீ ஆம்ப்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) பத்தாயிரத்துக்குள் எது, இருபதாயிரத்துக்குள் எது என்று கேட்பவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று. அந்தப் பெட்டிக்குள் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவதுதான் ப்ரீ ஆம்ப். கையில் இருப்பது எந்த மைக், பாடப்போவது யார் என்பதை முதலில் சொல்லுங்கள். விலையெல்லாம் அப்புறம்.

செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று இன்டர்ஃபேஸை வரிசையாக வைத்துப் பார்த்தோம். என்னுடையது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, நான்காம் தலைமுறை. நண்பர் இரவல் தந்தது மோட்டு எம்2. மூன்றாவது சித்தப்பா மகனுடையது, இருப்பதிலேயே மலிவு. பெயரைச் சொன்னால் தம்பி சண்டைக்கு வருவான், விட்டுவிடுவோம்.

முதலில் ஆடியோ டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் மைக். தம்பி பாடினான். மூன்று பதிவையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று தெரியாமல் ஹெட்போனில் கேட்டோம். (சமப்படுத்தாமல் கேட்டால் சத்தம் கூடியதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். யூடியூப் ஒப்பீடுகள் பலவும் அப்படித்தான்.) ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 94 டிபி (டெசிபல்) சத்தத்துக்கு இந்த மைக் 14 மில்லிவோல்ட் தருகிறது, ப்ரீ ஆம்புக்குப் பெரிய வேலையே இல்லை. மைக்கின் சொந்த இரைச்சல் 20 டிபி. ப்ரீ ஆம்பின் இரைச்சல் அதற்கடியில் அமுங்கிப்போகிறது. மூன்றிலும் தெளிவாக விழுந்தது பின்தெரு விசைத்தறிச் சத்தம்தான்.

அடுத்து ஷூர் எஸ்எம்58. டைனமிக் மைக் (கண்டென்சர் போல மின்சாரம் கேட்காத வகை) என்பதால் அதே சத்தத்துக்கு 2 மில்லிவோல்ட்கூட வராது. ஆனாலும் தம்பி மைக்கை வாயருகே வைத்துத் தொண்டை திறந்து கும்மிப் பாட்டு பாடியபோது மலிவுப் பெட்டியே தாராளமாகப் போதுமாக இருந்தது.

அப்புறம் அதே மைக்கின் முன் மேலூரிலிருந்து வந்திருந்த அத்தை உட்கார்ந்தார். தாலாட்டு பாடுவார். மைக்கைப் பார்த்தாலே குரல் இன்னும் இறங்கிவிடும். கொஞ்சம் சத்தமாகப் பாடச் சொன்னால், "ஏப்பா, பிள்ளையத் தூங்க வைக்கத்தானே பாடுறது, கத்தவா முடியும்?" என்கிறார். நியாயம்தானே! மலிவுப் பெட்டியில் குமிழை முழுக்கத் திருகியும் மீட்டர் பாதிக்கு வரவில்லை. அதிலும் கடைசித் திருகலில் 'உஸ்' என்று இரைச்சல் குபீரென ஏறியது. பாடும்போது தெரியாது, 'ஆராரோ' என்று இழுத்து முடித்து அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது மட்டும்தான் கேட்டது. மற்ற இரண்டிலும் அந்த இடம் சுத்தமாக இருந்தது.

ஆகவே டைனமிக் மைக்கும் மெல்லிய குரலும் சேர்ந்தால் பார்க்க வேண்டியது கெயின், அதாவது ப்ரீ ஆம்ப் சிக்னலை எவ்வளவு பெருக்கும் என்பது. 2ஐ2 நான்காம் தலைமுறையில் 69 டிபி, மூன்றாம் தலைமுறையில் 56தான். பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். எம்2வில் 60. பாட்காஸ்ட் பார்த்து ஷூரின் இன்னொரு டைனமிக் மைக்கான எஸ்எம்7பி மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு: அது தரும் சிக்னல் எஸ்எம்58ஐவிடவும் 4 டிபிக்கு மேல் தாழ்வு, 60 டிபி கெயினாவது வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே கிளவுட்லிஃப்டர் என்ற சிறு பெருக்கியை மாட்டினால், ஃபேண்டம் பவரில் (இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே தரும் மின்சாரம்) ஓடி 25 டிபி வரை கூட்டும். ஆனால் மலிவுப் பெட்டி விலையோடு அதன் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஈஐஎன் (ப்ரீ ஆம்பின் சொந்த இரைச்சல் அளவு, எண் கீழே போகப்போக நல்லது) மைனஸ் 127, மைனஸ் 129 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதை அளக்க மைக்குக்குப் பதிலாக மாட்டும் 150 ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சலே மைனஸ் 131 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு) பக்கம் வந்துவிடும். அதற்குக் கீழே எவரும் போக முடியாது. அந்த 2 டிபிக்குப் பணம் கொட்டுவதைவிட ஜன்னலுக்கு ஒரு கனத்த ஜமுக்காளம் வாங்கலாம்.

'ங்ங்' என்ற 50 ஹெர்ட்ஸ் ஹம் வேறு கதை, அதற்கு ப்ரீ ஆம்பைத் திட்டிப் பயனில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எங்களுக்கு அதிலேயே போய்விட்டது. போகாவிட்டால் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

புதிதாக எதுவும் வாங்க முடியாதவர்கள் மைக்கை இன்னும் கிட்டே வைத்துப் பாருங்கள். தூரம் பாதியானால் 6 டிபி சும்மா கிடைக்கும். அத்தைக்கு நான்கு விரல் தூரத்தில் வைத்து, தறி நின்ற பிறகு மலிவுப் பெட்டியிலேயே மறுபடி எடுத்தோம். அடிக்குரல் கொஞ்சம் கனத்தது, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டோம். இரைச்சல் இருக்கிறது, ஆனால் குடும்ப வாட்ஸாப்பில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.