கலைச்சொல்: வல்லூறின் எம்.ஆர்.ஐ. படத்தில் 'பொய்த்தடம்'

அன்புள்ள ஐயா,

உடலில் இல்லாத ஒன்று எம்.ஆர்.ஐ. படத்தில் போலியாகப் பதிவதை ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிஃபாக்ட்' என்பார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'சிதைவு' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. கொன்றுண்ணிப் பறவைகளின் படங்களில் அது நோயாளிப் பறவைக்கே தீங்காக முடியும்.

பெரும்பாலான பறவைகளுக்கு நுரையீரலோடு இணைந்த 9 காற்றுப்பைகள் உண்டு. அவை கல்லீரலையும் குடலையும் ஒட்டிக் கிடக்கின்றன; மேற்கை எலும்புக்குள்ளும் புகுகின்றன. எம்.ஆர்.ஐ. கருவி படமாக்கும் சைகையை (சிக்னல்) தருபவை நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள். காற்றில் அவை மிகச் சொற்பம் என்பதால் பை கருப்பாகத் தெரியும். அது உண்மையான கருமை, அதில் சிக்கல் இல்லை. ஆனால் காற்றுக்கும் திசுவுக்கும் காந்த ஏற்புத்திறன், அதாவது காந்தப்புலத்தில் வைத்தால் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பது, வேறு. இரண்டும் சந்திக்கும் விளிம்பில் காந்தப்புலம் பிசகுகிறது. கல்லீரலின் ஓரம் இடம் மாறியோ கரைந்தோ ஒளிக்கீற்றாகவோ பதிகிறது. காந்தப்புல வலிமையை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள்; 1.5 டெஸ்லா கருவியைவிட 3 டெஸ்லாவில் இந்தப் பிசகு அதிகம்.

வளர்ப்பு வல்லூறுகளைக் கொல்லும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை குடியேறுவதும் இதே காற்றுப்பைகளில்தான். 'காற்றுப்பை ஓரத்தில் சிதைவு' என்று அறிக்கையில் படிக்கும் கால்நடை மருத்துவர் திசு கெட்டுவிட்டதாகத்தானே கொள்வார்? 'ஆர்ட்டிஃபாக்ட்' என்பதற்கான மற்றொரு சொல்லான 'செயற்கைப்பொருள்' என்பதோ தொல்லியலில் பானைக்கும் கற்கருவிக்கும் பொருந்தலாம்; இங்கே பொருளே இல்லை.

ஆகவே 'பொய்த்தடம்' என்கிறேன். படத்தில் பதிந்திருக்கிறது, உடலில் இல்லை: இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. கிளைச்சொற்களும் எளிதில் பிறக்கின்றன. மயக்க மருந்து கொடுத்த பின்னும் மூச்சுக்கேற்ப மார்பெலும்பு ஏறி இறங்குவதால் விழுவது 'அசைவுப் பொய்த்தடம்'. மேலே சொன்னது 'காற்றோரப் பொய்த்தடம்'.

மறுமொழி:

அன்பரே, வணக்கம். 'சிதைவு' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நோயின் பெயரோடு குழம்பும் சொல் நமக்கு வேண்டாம். ஆனால் 'காற்றோரம்' என்பது குறுகல். சுடப்பட்ட பறவையின் தசையில் தங்கிய எஃகுக் குண்டும் இதே காரணத்தால் புலத்தைப் பிசகச் செய்யும், இன்னும் பெரிதாகவே செய்யும். எனவே 'காந்த ஏற்புப் பொய்த்தடம்' என்பதைப் பொதுப்பெயராக்கி, காற்றோரம், உலோகம் இரண்டையும் அதன்கீழ் வைக்கலாம். இன்னொன்று: கல்லீரல் இருந்தும் அதன் ஓரம் அடியோடு இருண்டுபோனால் அங்கே தடமே இல்லையே. அதற்குச் 'சைகையிழப்பு' என்று தனிச்சொல் வைக்கலாமா?